மேடு பள்ளமான தோட்ட ரயிலுக்கு முதல் நீராவி இஞ்சின்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி இது. தோட்டத்தில் 45 மி.மீ. அகலத்தில் தண்டவாளம் போட்டு, இதுவரை மின்சார இஞ்சின்களை ஓட்டி வந்திருக்கிறீர்கள். நிலம் சரிவானது. பாதையில் மிகக் கடினமான ஏற்றம் 30-க்கு 1, அதாவது 30 செ.மீ. போவதற்குள் 1 செ.மீ. உயர்கிறது. வளைவுகளின் ஆரம் ஏறக்குறைய 1 மீட்டர். இப்போது உண்மையான நீராவியில் ஓடும் இஞ்சின் ஒன்றை முதன்முதலாக வாங்க ஆசை. நான்கைந்து பெட்டிகளை இழுத்துக்கொண்டு அந்த மேட்டில் ஏறும் பலம் எந்த இஞ்சினுக்கு உண்டு என்று கேட்கிறீர்கள்.

ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால்: எரிவாயுவில் எரியும், எல்லாச் சக்கரங்களும் இயக்கு சக்கரங்களாக (சிலிண்டரின் விசையால் சுழல்பவையாக) உள்ள, ரேடியோ கட்டுப்பாடு பொருத்திய சின்ன டேங்க் இஞ்சின். டேங்க் இஞ்சின் என்றால், தண்ணீரும் எரிபொருளும் சுமக்கும் டெண்டர் என்ற தனி வண்டி பின்னால் இல்லாமல், எல்லாவற்றையும் தன் உடம்பிலேயே சுமப்பது. காரணம் தெரியாமல் இதை மட்டும் குறித்துக்கொண்டு போனால், பளபளவென்று மின்னும் வேறொன்றை யாராவது உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். ஆகவே காரணங்களையும் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் ஏற்றத்தைப் பற்றிக் கேட்டீர்கள். என்னைக் கேட்டால் இறக்கத்தைப் பார்த்துத்தான் இஞ்சின் வாங்க வேண்டும். மின்சார இஞ்சின்களில் பெரும்பாலானவை திருகுப்பல் கியர் வழியாகச் சக்கரத்தைச் சுழற்றுகின்றன. அந்தக் கியரில் மோட்டார் சக்கரத்தைச் சுழற்றலாமே தவிர, சக்கரம் மோட்டாரைச் சுழற்றுவது கடினம். அதனால் இறக்கத்தில் அதுவே பிரேக் ஆகிவிடுகிறது. இத்தனை நாள் உங்கள் ரயில் மேட்டிலும் பள்ளத்திலும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்ததற்கு இதுவே காரணம். நீராவி இஞ்சினில் அப்படி எதுவும் இல்லை. சிலிண்டருக்குப் போகும் நீராவியைக் கூட்டிக் குறைக்கும் வால்வான ரெகுலேட்டரைக் கையால் திறந்து ஓடவிட்டால், மேடேறுவதற்குத் தேவையான அளவுக்கு நீங்கள் திறந்துவைத்த நீராவி, மறுபக்கம் இறங்கும்போதும் அதே அளவில் சிலிண்டருக்குப் போய்க்கொண்டிருக்கும். மேலே ஏறும்போது தடுத்த எடை, இறங்கும்போது பின்னாலிருந்து தள்ளும்.

எவ்வளவு வேகம் ஆபத்து என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இஞ்சினின் எடைமையம் தண்டவாளத்துக்கு மேல் 7 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 45 மி.மீ. பாதையில், 1 மீட்டர் ஆர வளைவில், வினாடிக்குச் சுமார் 1.75 மீட்டரைத் தாண்டினால் அது வெளிப்பக்கமாகக் கவிழும். வேகமாக நடக்கும் ஒருவரின் வேகம் அவ்வளவுதான். உங்கள் இறக்கத்தின் அடியில் வளைவு இருந்தால், கவிழ்வது கொதிநீரும் எரியும் வாயுவும் உள்ள சுமார் மூன்று கிலோ உலோகம். பெட்டிகளுக்குப் பந்து பேரிங் போட்டிருக்கிறீர்களா? ஏற்றத்துக்கு அது வரம்தான். இறக்கத்தில் அதே பேரிங் பெட்டிகளைத் தடையில்லாமல் இஞ்சின்மேல் தள்ளிவிடும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது ரேடியோ கட்டுப்பாடு. செர்வோ என்ற சின்ன மோட்டார்களில் ஒன்று ரெகுலேட்டரையும் இன்னொன்று முன்னும் பின்னும் மாற்றும் நெம்புகோலையும் அசைக்கும். இரண்டு சானல் போதும். மேட்டின் உச்சிக்கு ஒரு சாண் முன்பே ரெகுலேட்டரைக் குறைக்கத் தொடங்கி, இறக்கத்தில் ஏறக்குறைய மூடிவிடுவீர்கள். முழுவதும் மூடாமல் ஒரு துளி திறந்து வைப்பது நல்லது. நீராவியோடு சேர்ந்துதான் எண்ணெய் சிலிண்டருக்குப் போகிறது. ரேடியோ வந்தால் விளையாட்டே போய்விடும் என்று சில பழைய கைகள் முணுமுணுப்பார்கள். சமதளப் பாதை வைத்திருப்பவர்கள் அப்படிச் சொல்லலாம். உங்கள் நிலத்தில், மேட்டை முன்கூட்டியே படித்து ஓட்டுவதில்தான் விளையாட்டே இருக்கிறது.

இரண்டாவது, கியர் வைத்த இஞ்சின். அமெரிக்காவின் மரவெட்டுக் காடுகளுக்காக எஃப்ரெய்ம் ஷே என்பவர் உருவாக்கி 1881-இல் காப்புரிமை பெற்ற வகை இதில் புகழ் பெற்றது. சிலிண்டர்கள் வலப்பக்கம் செங்குத்தாக நிற்கும். அவை ஒரு நீண்ட தண்டைச் சுழற்ற, அந்தத் தண்டிலிருந்து கியர் வழியாக எல்லா அச்சுகளும் சுழலும். சிலிண்டர்களுக்கு இடம் விட்டு, கொதிகலன் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும். க்ளைமாக்ஸ், ஹெய்ஸ்லர் என்று இதன் பங்காளிகளும் உண்டு. இறங்கும்போதும் கியர் இழுத்துப் பிடிக்கும். சிலிண்டர்கள் படபடவென்று அடிக்க, சக்கரங்கள் நிதானமாக உருளும். மலைக்கென்றே பிறந்த இஞ்சின் இதுதான். அப்படியிருந்தும் முதல் இஞ்சினாக இதை நான் சொல்லத் தயங்குகிறேன். விலை அதிகம், எண்ணெய் போட வேண்டிய மூட்டுகள் அதிகம், கோளாறு வந்தால் எந்த மூட்டில் என்று புதியவருக்குப் பிடிபடாது. மரவெட்டு ரயில்தான் உங்கள் ஆசை என்றால் என் தயக்கத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

மூன்றாவது, அச்சோடு கியர் வழியாக இணைந்து வேகமாகச் சுழலும் சின்னக் கனமான சக்கரம் (ஃப்ளைவீல்). சில இஞ்சின்களுக்கு இதைத் தனியாக வாங்கிப் பொருத்தலாம். வேகம் திடீரென்று கூடுவதையும் குறைவதையும் இது மழுக்கும். சிறு திட்டுகளில் அருமையாக வேலை செய்யும். நீளமான இறக்கத்தில், சுழற்சி ஏறிவிட்ட பிறகு, இதனால் பெரிய பயன் இல்லை.

திட்டு என்றும் நீளமான சரிவு என்றும் பிரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரயிலின் நீளத்தைவிட மேடு குட்டையாக இருந்தால், ரயிலின் ஒரு பாதி ஏறும்போது மறுபாதி இறங்கிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஐந்து பெட்டி ரயில் 2 மீட்டர் நீளம் என்றால், 1 மீட்டர் மேடு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மேடு 6 மீட்டர் நீண்டால் முழு ரயிலும் சரிவில் நிற்கும். உங்கள் மேடு எத்தனை மீட்டர் என்று கேள்வியில் இல்லை. 30-க்கு 1 என்ற எண்ணைவிட அதுதான் முக்கியம்.

இனி பலத்துக்கு வருவோம். முதலில் சரிவை அளந்து பாருங்கள். கண்ணால் பார்த்துச் சொல்லும் சரிவு எப்போதும் பொய் சொல்லும். நேரான 1 மீட்டர்ச் சட்டத்தைத் தண்டவாளத்தின்மேல் வைத்து, அதன்மேல் ரசமட்டத்தை வையுங்கள். தாழ்ந்த முனையைக் குமிழி நடுவுக்கு வரும்வரை தூக்கி, சட்டத்துக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் சரிவு கிடைத்துவிடும். 33 மி.மீ. வந்தால் 30-க்கு 1. இதைப் பாதை முழுவதும் மீட்டருக்கு மீட்டர் செய்யுங்கள். சராசரியாக 30-க்கு 1 என்று நினைத்த இடத்தில், மண் இறங்கியதால் ஓரிடம் மட்டும் 20-க்கு 1 ஆகியிருக்கும். ரயில் நிற்பது அங்கேதான்.

பெட்டிகளின் தடையையும் வீட்டிலேயே அளக்கலாம். ஒரு பலகையில் 1 மீட்டர்த் தண்டவாளத்தைப் பொருத்தி, பெட்டியை அதன்மேல் வைத்து, ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். விரலால் லேசாகத் தட்டினால் நிற்காமல் சீராக உருண்டு போகும் உயரம் 2 செ.மீ. என்றால், பெட்டியின் உருளும் தடை அதன் எடையில் 50-இல் ஒரு பங்கு. பந்து பேரிங் போட்ட பெட்டி இதைவிட மிகக் குறைந்த உயரத்திலேயே உருளும். இழுத்து நின்றால் அச்சில் முடி சுற்றியிருக்கிறதா, சக்கரம் சட்டத்தில் உரசுகிறதா என்று பாருங்கள். இஞ்சினை மாற்றுவதைவிட அந்த முடியை எடுப்பது மலிவு.

இப்போது கூட்டிப் பார்ப்போம். 3 கிலோ டேங்க் இஞ்சின், எல்லா எடையும் இயக்கு சக்கரங்களின்மேல். சுத்தமான, உலர்ந்த தண்டவாளத்தில் எடையில் ஆறில் ஒரு பங்கு பிடிமானம் என்று அடக்கமாகவே வைத்துக்கொண்டால், 500 கிராம் இழுவிசை. 30-க்கு 1 ஏற்றத்தில் இஞ்சின் தன்னைத் தூக்கிக்கொள்ளவே 100 கிராம் போய்விடும். மீதி 400. பெட்டிகளில் ஒவ்வொரு கிலோவுக்கும் சரிவு 33 கிராம், உருளும் தடை 20 கிராம், வளைவின் உரசல் ஒரு 17 கிராம் என்று 70 கிராம் கேட்கும். ஆக, ஐந்தரை கிலோவுக்குச் சற்று மேல் இழுக்கும். ஒரு பெட்டி ஒரு கிலோ என்றால் ஐந்து பெட்டி. உங்கள் தேவைக்குச் சாதாரண டேங்க் இஞ்சினே போதும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. இரு முனையிலும் தனித்தனிச் சக்கரத் தொகுதி உள்ள கனமான போகி வண்டிகள் என்றால் மூன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வளைவுத் தடையை நான் ஊகமாகத்தான் போட்டேன். ஒரு ஸ்பிரிங் தராசைப் பெட்டிகளில் மாட்டி, அந்த வளைவிலேயே மெல்ல இழுத்துப் பார்த்தால் உங்கள் பாதைக்கான எண் கிடைக்கும்.

பிடிமானம் என்பது எடையும் சுத்தமும்தான். நீராவி இஞ்சின் போகிற இடமெல்லாம் எண்ணெயும் தண்ணீரும் துப்பும், முக்கியமாகக் கிளம்பிய முதல் சுற்றில். அதே தண்டவாளத்தில் இரண்டாம் சுற்றில் அதுவே வழுக்கும். துணியால் துடைத்துவிட்டு ஓட்டுங்கள். டார்ஜிலிங் மலை ரயிலில் இஞ்சினின் முன்புறம் ஆட்கள் அமர்ந்து தண்டவாளத்தில் மணல் தூவிக்கொண்டே போவார்கள். அதைப் பார்த்துவிட்டுத் தோட்டத்தில் மணல் தூவ ஆரம்பித்துவிடாதீர்கள். இந்த அளவு இஞ்சினில் ஒரு மணல் துகள் வால்வு இணைப்புகளுக்குள் போனால் அரம் போல வேலை செய்யும்.

டெண்டர் வைத்த பெரிய இஞ்சின்கள் பார்க்க அழகு. ஆனால் டெண்டர், பெட்டிகளோடு சேர்ந்து இழுக்கப்பட வேண்டிய இன்னொரு சுமை. முன்னும் பின்னும் உள்ள சிறு சக்கரங்களும் எடையில் பங்கு கேட்கும். 1 மீட்டர் ஆரத்தில் நீண்ட இஞ்சின்கள் திரும்பவே திணறும். ஆறு சக்கர இஞ்சினானால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: சமதளம் சட்டென்று ஏற்றமாக மாறும் இடத்தில் நடுச்சக்கரம் தண்டவாளத்தைத் தொடாமல் தொங்கும்; உச்சியில் முன்சக்கரமோ பின்சக்கரமோ தூக்கும். மாற்றத்தை ஒரு மீட்டராவது நீளத்துக்குப் பரப்பி விடுங்கள். வளைவும் ஏற்றமும் ஒரே இடத்தில் வராமல் பார்த்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. முடியாவிட்டால் வளைவில் மட்டும் ஏற்றத்தைக் கொஞ்சம் தணியுங்கள்.

கொதிகலனைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. இந்த வகை இஞ்சின்களில் பெரும்பாலும் செப்புக் கொதிகலன். நடுவே நெடுக ஒரு தீக்குழாய். ஓட்டுநர் அறைப் பக்கத்திலிருந்து பர்னர் அதற்குள் நுழையும். அந்த முனைதான் கடுஞ்சூடு. கொதிகலன் 20 செ.மீ. நீளம் என்றால், 30-க்கு 1 சரிவில் நீர்மட்டம் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் கிட்டத்தட்ட 7 மி.மீ. மாறும். 20-க்கு 1 என்றால் முழு சென்டிமீட்டர். குழாயின் மேலே நிற்கும் தண்ணீரே அவ்வளவு ஆழம்தான் இருக்கும். ஆகவே மிகக் கடினமான ஏற்றத்தில் புகைபோக்கி மேல்நோக்கிப் போகும்படி இஞ்சினைத் திருப்பி வையுங்கள்; தண்ணீர் சூடான முனைப் பக்கம் சேரும். சுற்றுப்பாதையில் இறங்கும்போது இது தலைகீழாகும் என்பதால், தண்ணீரை அடிமட்டம் வரை காயவிடாமல் இடையிலேயே நிரப்புவது அவசியம். கண்ணாடி நீர்மட்டமானியும், ஓட்டத்தின் நடுவே குப்பியால் தண்ணீர் ஏற்றும் வால்வும் உங்களுக்கு அலங்காரம் அல்ல. அவை இல்லாத இஞ்சினை விட்டுவிடுங்கள். தண்ணீரை விளிம்பு வரை நிரப்புவதும் தவறு. சாய்ந்தவுடன் தண்ணீர் நீராவிக் குழாய்க்குள் போய், சிலிண்டரில் முட்டி, புகைபோக்கி வழியாகக் கொட்டும்.

எரிபொருளில் ஸ்பிரிட், எரிவாயு, நிலக்கரி என்று மூன்று. நிலக்கரியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை தீயைக் கவனிக்க வேண்டிய வேலை அது. ஸ்பிரிட் அமைதியாக எரியும், நீராவி ஒலி தெளிவாகக் கேட்கும், சமதளத்தில் எனக்கு அதுவே பிடிக்கும். ஆனால் பல ஸ்பிரிட் இஞ்சின்களில் தொட்டியிலிருந்து திரிகளுக்கு எரிபொருள் போவது மட்டத்தை நம்பித்தான். இஞ்சின் சாய்ந்தால் ஒரு திரி வழிந்து, இன்னொன்று காயும். வழிந்த ஸ்பிரிட் தண்டவாளக் கட்டைமேல் எரிந்தால் பகல் வெளிச்சத்தில் அந்தச் சுடர் கண்ணுக்கே தெரியாது. சரிவுள்ள தோட்டத்தில் இந்த வம்பு வேண்டாம்.

எரிவாயு இஞ்சினில் சின்னத் தொட்டி ஒன்றில் பியூட்டேன் அல்லது பியூட்டேனும் புரோப்பேனும் கலந்த வாயு திரவமாக இருக்கும். எது என்பதைக் கையேட்டைப் பார்த்து நிரப்புங்கள்; தொட்டி தாங்கும் அழுத்தம் அதைப் பொறுத்தது. பியூட்டேன் கொதிப்பது பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே என்பதால், குளிர்ந்த காலையில் தூய பியூட்டேன் சோர்ந்து எரியும். தொட்டியை நிறைய நிரப்பிவிட்டுச் சரிவில் ஏற்றினால் வாயுவைப் பீய்ச்சும் சிறு துளையான ஜெட்டுக்குத் திரவமே போய், பர்னர் தும்மி அணையும். ஆகவே சாய்வான பாதைக்குக் கொஞ்சம் குறைவாகவே நிரப்ப வேண்டும். நல்ல தயாரிப்புகளில் தண்ணீர் தீருமுன் வாயு தீரும்படி அளவு வைத்திருப்பார்கள். தண்ணீர் ஏற்றாமல் வாயுவை மட்டும் இரண்டாம் முறை நிரப்பினால் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. நிரப்பும் இடம் எரியும் எதற்கும் அருகில் இருக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

இறங்கும்போது ரெகுலேட்டர் மூடியிருக்க, பர்னர் மட்டும் எரிந்துகொண்டிருப்பதால் அழுத்தம் ஏறிப் பாதுகாப்பு வால்வு சீறும். பயப்பட வேண்டியதில்லை, அதன் வேலையே அதுதான். ஆனால் தண்ணீர் வீணாகிறது. பர்னரை, மேட்டின் அடிவாரத்தில் அழுத்தம் உச்சத்தை ஒட்டி இருக்கும் அளவுக்கு மட்டும் வைக்கப் பழகுங்கள். பல இஞ்சின்களில் அந்த உச்சம் 40 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு) அளவில் இருக்கும்.

சிலிண்டர் வகையில் ஒரே ஒரு எச்சரிக்கை. விலை குறைந்த பொம்மை வகை இஞ்சின்களில் சிலிண்டரே முன்னும் பின்னும் ஆடி நீராவியைத் திறந்து மூடும். மாமோட் நிறுவனத்தின் சிறு இஞ்சின்கள் இப்படிப்பட்டவை. அவற்றின்மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு. ஆனால் அழுத்தம் குறைவு, வேகத்தை அடக்குவது கடினம், 30-க்கு 1 ஏற்றம் அவற்றுக்கு அதிகம். அசையாத சிலிண்டரும், நீராவியைத் திறந்து மூடத் தனியாக ஸ்லைடு வால்வோ பிஸ்டன் வால்வோ உள்ளதையே வாங்குங்கள்.

பெயர் சொல்லிக் கேட்பீர்கள். இங்கிலாந்தின் ரவுண்ட்ஹவுஸ் நிறுவனம் 1982 முதல் இந்த வகையையே செய்துவருகிறது. அதன் இஞ்சின்கள் பலவற்றை 32 மி.மீ., 45 மி.மீ. இரண்டில் எது வேண்டுமோ அதற்கு ஏற்றபடி வாங்கலாம். மில்லி, பெர்ட்டி ஆகியவை எளிய நான்கு சக்கர இஞ்சின்கள். லேடி ஆன் ஆறு சக்கரம், ரேடியோவோடு கிடைக்கும். உங்கள் பாதைக்கு நான் லேடி ஆன் பக்கம்தான் சாய்வேன். அக்யூகிராஃப்டின் ரூபி சின்னது, பழகுவதற்கு நல்லது, ஆனால் எடையும் கொதிகலனும் சிறியவை. உங்கள் மேட்டில் இரண்டு மூன்று சரக்குப் பெட்டிகளுக்கு மேல் அதனிடம் கேட்காதீர்கள். ஜப்பானின் ஆஸ்டர் இஞ்சின்கள் கைவினையின் உச்சம். முதல் இஞ்சினாக அதை வாங்கி மேட்டில் கவிழ்ப்பது பாவம்.

45 மி.மீ. என்ற அகலம் ஒன்றாக இருந்தாலும் அதன்மேல் 1:32, 1:22.5, 1:20.3 என்று பல அளவு மாதிரிகள் ஓடுகின்றன. உங்கள் பெட்டிகளின் கொக்கி உயரத்துக்கு இஞ்சினின் கொக்கி பொருந்துமா என்று வாங்குமுன் கேளுங்கள். இன்னொன்று: உங்கள் தண்டவாளத்தில் மின்சாரம் ஓடுகிறது. நீராவி இஞ்சின்கள் பலவற்றில் சக்கரங்கள் மின்காப்பு இல்லாதவை. ஏற்றி வைத்தவுடன் ஷார்ட் ஆகும். மின்காப்புள்ள சக்கரம் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் நீராவி ஓடும் நாளில் மின்சாரத்தைத் துண்டித்துவிடுங்கள்.

கிளம்பும் இடம் கண்டிப்பாகச் சமதளமாக இருக்கட்டும். குளிர்ந்த சிலிண்டரில் நீராவி தண்ணீராக மாறி அடைத்து நிற்கும். ரெகுலேட்டரைச் சிறிது திறந்து, கையால் இஞ்சினை முன்னும் பின்னும் மெல்ல உருட்டி அந்தத் தண்ணீரை வெளியேற்றிய பிறகே பெட்டிகளைக் கோர்க்க வேண்டும். முதல் நாட்களில் மேட்டுக்குப் பெட்டியே இல்லாமல் போய், இறக்கத்தில் கை பழகிய பின் ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஓட்டம் முடிந்ததும் நீராவியில் எண்ணெய் கலக்கும் சிறு தொட்டியான லூப்ரிகேட்டரில் சேர்ந்த தண்ணீரை வடித்து, நீராவி எண்ணெயை நிரப்பி வையுங்கள். சாதாரண எண்ணெய் அந்தச் சூட்டில் நிற்காது.

பழைய இஞ்சின் வாங்குவதானால் விற்பவரை உங்கள் முன்னே நீராவி ஏற்றி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அழுத்தம் ஏறியபின் ரெகுலேட்டரை மூடினால் இஞ்சின் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். மூடியும் ஊர்ந்து போனால் ரெகுலேட்டர் கசிகிறது; சமதளத்தில் சகித்துக்கொள்ளலாம், உங்கள் இறக்கத்தில் முடியாது. பாதுகாப்பு வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்று அழுத்தமானியில் பாருங்கள். கொதிகலனைத் தண்ணீர் அழுத்தத்தில் சோதித்த சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். சான்றிதழும் இல்லை, சோதித்துக் கொடுக்கவும் மாட்டேன் என்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.